எஸ்ஆர்டி சப்டைட்டிலை ஸ்கிரிப்ட் மூலம் டைம்லைனில் ஏற்றுவது: நேரம் ஏன் விலகுகிறது, எழுத்து ஏன் உடைகிறது

கேள்வி சுருக்கமாக இது: முப்பது வகுப்பு வீடியோக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். எல்லாவற்றுக்கும் தமிழ் எஸ்ஆர்டி ஃபைல் (வசனமும் அது வர வேண்டிய நேரமும் எழுதிய சப்டைட்டில் ஃபைல்) தயார். எடிட் செய்வது டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டரின் இலவசப் பதிப்பில். கையால் இழுத்துப் போட்டால் நேரம் பொருந்தவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு பைதான் ஸ்கிரிப்டை ஓட்டினால் ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக விலகுகிறது. சில எழுத்துகள் புள்ளி வட்டத்தோடு உடைந்து தெரிகின்றன. என்ன செய்வது?

முதலில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த சப்டைட்டில் டைம்லைனுக்குள், அதாவது எடிட்டரில் படத்தையும் ஒலியையும் வரிசையாக அடுக்கும் பட்டைக்குள், வரத்தான் வேண்டுமா? வீடியோ யூடியூபுக்கு மட்டும் போகிறது என்றால் எஸ்ஆர்டியை அங்கேயே தனியாக ஏற்றிவிடலாம். எடிட்டருக்கு இதில் வேலையே இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பவோ அரங்கில் திரையிடவோ படத்தின் மேலேயே எழுத்து பதிந்திருக்க வேண்டும், வேறு அலங்காரம் வேண்டாம் என்றாலும் டைம்லைன் தேவையில்லை. முடிந்த வீடியோவையும் எஸ்ஆர்டியையும், கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளிடம் கொடுத்து, அதன் சப்டைட்டில்ஸ் ஃபில்டரை ஓட்டினால் போதும். அது லிப்ஆஸ் என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு எழுத்தை வரைகிறது. அதற்குள் எழுத்தைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் இருப்பதால், கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைந்து தமிழ் ஒழுங்காகக் கோக்கப்படும். எழுத்துரு, அளவு, கறுப்பு விளிம்பு எல்லாம் அந்தக் கட்டளையிலேயே சொல்லிவிடலாம். முப்பது ஃபைலுக்கு ஒரு லூப். இரவு ஓடவிட்டுப் படுத்துவிடலாம். பலர் இந்த வழியைத் தாண்டிப் போய் எடிட்டருக்குள் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இல்லை, படத்தோடு சேர்த்து வெட்ட வேண்டும், கீழே பேச்சாளர் பெயர் வரும் இடங்களில் சப்டைட்டிலை மேலே தள்ள வேண்டும், நிறம் மாற்ற வேண்டும் என்றால் டைம்லைனுக்கு வரத்தான் வேண்டும். அப்போது ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எஸ்ஆர்டிதான் பத்திரம், டைம்லைனில் கிடப்பது ஜெராக்ஸ். திருத்தம் என்றால் எஸ்ஆர்டியில் திருத்தி, டைம்லைனில் இருப்பதை அழித்துவிட்டு மறுபடி ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அழித்து ஓட்ட மனம் வராத அளவுக்கு டைம்லைனில் கைவேலை சேர்ந்துவிட்டால், தானியங்கி முறையால் கிடைத்த லாபம் அன்றோடு போயிற்று. அதனால்தான் படத்தின் வெட்டு இறுதியான பிறகே சப்டைட்டிலை ஏற்றச் சொல்வார்கள். வெட்டு மாறிக்கொண்டே இருந்தால் எந்த ஸ்கிரிப்டும் ஈடுகொடுக்காது.

இனி நேரம் விலகும் கதை. எஸ்ஆர்டி ஃபைலைச் சாதாரண நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒரு எண், அடுத்த வரியில் தொடக்க நேரமும் முடிவு நேரமும், அதன் கீழ் வசனம், பிறகு ஒரு வெற்று வரி. நேரம் 00:10:00,000 என்ற வடிவில் இருக்கும். காற்புள்ளிக்குப் பின்னால் வருவது மில்லிசெகண்ட். ஃபிரேம் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்ற பேச்சே அதில் கிடையாது. கடிகார நேரம் மட்டும்தான் அதற்குத் தெரியும். டைம்லைனுக்கோ கடிகாரம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஃபிரேம் எண் மட்டும். ஒரு சப்டைட்டில் ஸ்கிரிப்ட் செய்யும் வேலை முழுவதும் செகண்டை ஃபிரேமாக மாற்றுவதுதான். பிசகுவதும் அங்கேதான்.

செகண்டுக்கு 24 ஃபிரேம் என்று நாம் வாய்ப்பேச்சில் சொல்லும் பல டைம்லைன்கள் உண்மையில் 23.976. துல்லியமாகச் சொன்னால் 24000-ஐ 1001-ஆல் வகுத்த எண். அமெரிக்காவில் 1953-இல் கலர் டிவிக்கு வகுத்த விதிகளில், 30 ஃபிரேமை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 29.97 ஆக்கினார்கள். அந்த வால் இன்றுவரை நம் கேமரா மெனுவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: பத்தாவது நிமிடத்தில் வரும் வசனம் 600 செகண்டில் தொடங்குகிறது. 23.976-இல் அது 14386-ஆம் ஃபிரேம். ஸ்கிரிப்ட் 24 என்று எடுத்துக்கொண்டால் 14400-இல் கொண்டுபோய் வைக்கும். அரை செகண்டுக்கு மேல் தாமதம். ஒரு மணி நேரத்தில் 3.6 செகண்ட். ஆரம்பத்தில் கண்ணுக்கே தெரியாது, முடிவில் பேச்சாளர் வாயை மூடிய பிறகு எழுத்து வரும்.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. ரிசால்வின் ஸ்கிரிப்டிங்கில் டைம்லைனின் ஃபிரேம் ரேட்டைக் கேட்டால் 23.976 என்று வரும். சில ஸ்கிரிப்டுகள் அதை முழு எண்ணாக மாற்றுகிறேன் பேர்வழி என்று தசமத்தை வெட்டி 23 ஆக்கிவிடும். அப்போது நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு ஃபிரேம் வீதம், அதாவது ஏறத்தாழ இரண்டரை செகண்ட் வீதம், எழுத்து முந்திக்கொண்டு ஓடும். தசமத்தை அப்படியே வைத்துக் கணக்கிட்டாலே போதும். 24000/1001 என்று எழுதினால் இன்னும் நல்லது.

எவ்வளவு விலகுகிறது என்று அளந்தாலே காரணம் தெரிந்துவிடும். முதல் வசனத்திலும் கடைசி வசனத்திலும் ஒரே அளவு பிசகு என்றால் தொடக்கப் புள்ளி தவறு. எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகத் தள்ளினால் சரியாகும். மணிக்கு 3.6 செகண்ட் என்றால் 24-க்கும் 23.976-க்கும் குழப்பம். மணிக்கு இரண்டரை நிமிடத்தை ஒட்டி விலகினால் படமே வேகம் மாற்றப்பட்டிருக்கிறது: 24-இல் எடுத்ததை டிவிக்காக 25-இல் ஓட்டியிருப்பார்கள், எஸ்ஆர்டி பழைய வேகத்துக்கு எழுதப்பட்டிருக்கும். அதை டைம்லைனில் சரிசெய்ய முயலாதீர்கள். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் ரேட் மாற்றும் வசதி இருக்கிறது. எஸ்ஆர்டியையே மாற்றிக்கொண்டு வாருங்கள். வெறுமனே 25-இல் எடுத்து 25-இல் எடிட் செய்கிற வகுப்பு வீடியோவுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் விளக்கு மினுக்கைத் தவிர்க்கப் பலர் 25-இல் எடுப்பதில் இது ஒரு உபரி லாபம்.

விலகல் ஒரு சீராக இல்லாமல் ஒரு இடத்தில் முந்தியும் இன்னொரு இடத்தில் பிந்தியும் வந்தால், வீடியோ பெரும்பாலும் போனில் எடுத்ததாக இருக்கும். போன்கள் வெளிச்சத்துக்குத் தக்கபடி ஃபிரேம் இடைவெளியை மாற்றிக்கொள்ளும். அந்த ஃபைலை எடிட்டருக்குள் கொண்டுவரும் முன் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றி, மாற்றியதை வைத்தே எஸ்ஆர்டியும் தயாரிக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

அடுத்தது ஒரு மணி நேரப் பிரச்சினை. ரிசால்வில் புது டைம்லைனின் டைம்கோட் (மணி, நிமிடம், செகண்ட், ஃபிரேம் என்று இடத்தைக் குறிக்கும் எண்) 00:00:00:00-இல் தொடங்காது, 01:00:00:00-இல் தொடங்கும். டேப் காலத்தில் நிகழ்ச்சிக்கு முன்னால் நிறத்தையும் ஒலியையும் சரிபார்க்கும் கலர் பட்டையும் டோனும் போட இடம் வேண்டுமென்று வைத்த பழக்கம் அது. எஸ்ஆர்டியோ பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. மீடியா பூலில் (ரிசால்வுக்குள் கொண்டுவந்த ஃபைல்கள் இருக்கும் இடம்) எஸ்ஆர்டியின் மேல் ரைட் கிளிக் செய்து டைம்கோட்படி டைம்லைனில் செருகு என்று சொன்னால், இரண்டும் ஒரு மணி நேரம் தள்ளி நிற்கும். கையால் இழுத்துப் போட்டால் டைம்கோட் பேச்சே இல்லை, போட்ட இடம்தான் கணக்கு. உங்களுக்கு நேரம் பொருந்தாமல் போனது அதனால்தான். டைம்லைனின் தொடக்க டைம்கோடை பூஜ்யமாக்குவது எளிய வழி. சேனலுக்குக் கொடுக்கும் படம், டைம்கோடை மாற்றக் கூடாது என்றால் எஸ்ஆர்டி முழுவதையும் ஒரு மணி நேரம் தள்ளிக்கொள்ளலாம். ஸ்கிரிப்டில் செய்வதானால் டைம்லைனின் தொடக்க ஃபிரேமைக் கேட்டு வாங்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும். முழு 24 ஃபிரேம் டைம்லைனில் அது 86400. இந்த ஒரு கூட்டலை விட்டுவிட்ட ஸ்கிரிப்டுகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. எழுதியவர் தன் டைம்லைனைப் பூஜ்யத்தில் வைத்திருப்பார்.

இப்போது ஸ்கிரிப்ட். இலவசப் பதிப்பில் ரிசால்வுக்கு வெளியே இருந்து அதை இயக்க முடியாது. அந்த வசதி ஸ்டுடியோ பதிப்புக்கு. ஆனால் ஸ்கிரிப்டை அதற்குரிய ஃபோல்டரில் போட்டுவிட்டு உள்ளே வொர்க்ஸ்பேஸ் மெனுவின் ஸ்கிரிப்ட்ஸ் பட்டியலிலிருந்து ஓட்டலாம். பைதான் நிறுவுவதில் தகராறு என்றால் லுவா என்ற நிரல் மொழியில் எழுதுங்கள், அது ரிசால்வுக்குள்ளேயே இருக்கிறது.

சப்டைட்டிலுக்கென்றே உள்ள சப்டைட்டில் டிராக்கில் ஏற்றுவதா, ஒவ்வொரு வசனத்தையும் அலங்கார எழுத்துக்கான டெக்ஸ்ட் பிளஸ் கிளிப்பாக மாற்றுவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ரீல்ஸில் ஒவ்வொரு சொல்லாகத் துள்ளி வரும் எழுத்தைப் பார்த்துவிட்டு, முக்கால் மணி நேர வகுப்புக்கும் டெக்ஸ்ட் பிளஸ் வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். என் பதில் வேண்டாம் என்பதுதான். ஒவ்வொரு கிளிப்பும் தனித்தனி ஃபியூஷன் காம்ப் (ரிசால்வின் எஃபெக்ட்ஸ் பகுதியில் உருவாகும் தொகுப்பு); நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ப்ராஜெக்ட் திணறும், ரெண்டர் நீளும், மறுபடி எஸ்ஆர்டியாக எடுக்கவும் நேரடி வழியில்லை. சப்டைட்டில் டிராக்கில் எழுத்துரு, அளவு, பின்புறப் பட்டை எல்லாவற்றையும் டிராக் முழுமைக்கும் ஒரே இடத்தில் மாற்றலாம், வேண்டிய வசனத்தை மட்டும் தனியாகவும் நகர்த்தலாம். வகுப்பு வீடியோவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

சப்டைட்டில் டிராக் வழியில் ஸ்கிரிப்டின் வேலை சிறியது. எஸ்ஆர்டியை மீடியா பூலுக்குள் இம்போர்ட் செய்வது, பிளேஹெட்டை (ஓடும் இடத்தைக் காட்டும் கோடு) டைம்லைன் தொடக்கத்தில் நிறுத்துவது, அப்பெண்ட் செய்வது, அதாவது டைம்லைனில் சேர்ப்பது. இதில் ஒரு தந்திரம்: எஸ்ஆர்டியின் தலையில், 00:00:00,000-இல் தொடங்கி அரை செகண்ட் நிற்கும் ஓர் அடையாள வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு கோடு மட்டும் இருந்தால் போதும். முதல் வசனத்துக்கு முன்னால் இருக்கும் அமைதி விழுங்கப்படாமல் அது காப்பாற்றும். ஏற்றி முடிந்ததும் அதை நீக்கிவிடலாம்.

டெக்ஸ்ட் பிளஸ்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், அதே ஃபிரேம் ரேட் உள்ள ப்ராஜெக்டில் உங்களுக்குப் பிடித்தபடி ஒரு டெக்ஸ்ட் பிளஸை வடிவமைத்து, டைம்லைனிலிருந்து மீடியா பூலுக்கு இழுத்து வையுங்கள். அதுதான் அச்சு. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வசனத்துக்கும் அந்த அச்சை எடுத்து, எத்தனை ஃபிரேம் நீளம், எந்த டிராக், எந்த ஃபிரேமில் வைக்க வேண்டும் என்ற மூன்றையும் கொடுத்து அப்பெண்ட் செய்யும். பிறகு அந்தக் கிளிப்பின் முதல் ஃபியூஷன் காம்பைத் திறந்து, டெக்ஸ்ட் பிளஸ் கருவியின் ஸ்டைல்டு டெக்ஸ்ட் என்ற உள்ளீட்டில் வசனத்தை எழுதும். சாய்வெழுத்துக்காக எஸ்ஆர்டியில் போட்டிருக்கும் டேகுகளை முன்பே களைந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவையும் எழுத்தாகத் திரையில் வந்து நிற்கும். நீளத்தைக் கணக்கிடும்போது தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனியே ஃபிரேமாக மாற்றிக் கழியுங்கள். நீளத்தை மட்டும் செகண்டிலிருந்து மாற்றிக் கூட்டினால் சில இடங்களில் ஒரு ஃபிரேம் மிகும், அடுத்த கிளிப்பின் மேல் ஏறும். ஒரு டிராக்கின் ஒரே ஃபிரேமில் இரண்டு கிளிப் உட்காராது. முந்தைய வசனத்தின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் இடையே இரண்டு ஃபிரேம் விட்டுவைத்தால் இந்தச் சண்டையும் இல்லை, எழுத்து மாறியதும் கண்ணுக்குத் தெரியும்.

எஸ்ஆர்டியைப் படிக்கும் பகுதியைச் சொந்தமாக எழுத வேண்டாம். பைஎஸ்ஆர்டி, பைசப்ஸ்2 போன்ற பைதான் நூலகங்கள் இருக்கின்றன. வசனத்துக்கு நடுவே வெற்று வரி, விட்டுப்போன எண், விண்டோஸ் பாணி வரி முடிவு என்று நிஜ ஃபைல்களில் வரும் கோளாறுகளுக்கு அவை பழகியவை. முதல் வசனம் மட்டும் காணாமல் போகிறது என்றால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி இருக்கிறது. பழைய விண்டோஸ் நோட்பேடில் சேமித்த ஃபைல்களில் அடிக்கடி வரும். ஃபைலைத் திறக்கும்போது அந்தக் குறியை விலக்கும் யூடிஎஃப்-8 வகையைக் கேட்டால் தீர்ந்தது.

உடையும் எழுத்துக்கு வருவோம். இதில் இரண்டு தனி நோய்கள் உண்டு, மருந்தும் வேறு வேறு.

ஒன்று, ஃபைலிலேயே தவறு. பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியேற்றங்களில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது, ரகரத்துக்குப் பதில் துணைக்கால் வந்து உட்கார்ந்துவிடும். ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ என்று பதிவாகியிருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், சிலவற்றில் புள்ளி வட்டம் முளைக்கும். துணைக்காலை அடுத்து மெய்ப்புள்ளி வருவது தமிழில் எங்கும் கிடையாது. அதனால் தயங்காமல் அந்தச் சேர்க்கை முழுவதையும் ‘ர்’ என்று மாற்றச் சொல்லலாம், ஒரே வரி வேலை. அதேபோல ஒகரக் குறியைச் சிலர் கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகத் தட்டியிருப்பார்கள். என்எஃப்சி என்ற யூனிகோடு ஒழுங்கமைப்பு அதை ஒன்றாக்கும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கும் குறிகளையும் அந்த இடத்திலேயே துடைத்துவிடுங்கள். இந்த மூன்றும் உங்கள் ஸ்கிரிப்டின் முதல் படியாக இருக்கட்டும்.

மற்றது, ஃபைல் சரியாக இருந்தும் மென்பொருள் கோக்கத் தெரியாமல் உடைப்பது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘ஸ்ரீ’ பிரிந்து கிடக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் (Catamaran) போன்ற முறையான யூனிகோடு எழுத்துரு ஒன்றை நிறுவி, ‘கொடுத்தான், தெளிவு, கை, ஸ்ரீ, க்ஷேமம்’ என்று ஒரே ஒரு வரியைக் கையால் அடித்துப் பாருங்கள். சப்டைட்டில் டிராக்கில் ஒரு தடவை, டெக்ஸ்ட் பிளஸில் ஒரு தடவை. அது தேறினால்தான் முப்பது ஃபைலை ஓட்ட வேண்டும். அடோபியின் எடிட்டரான பிரீமியர் ப்ரோவில் இது நடந்தால் ப்ரிஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் எழுத்து இயந்திரத்தை தெற்காசிய, மத்தியக் கிழக்கு வகைக்கு மாற்ற வேண்டும். அதைத் தெரியாமல் எழுத்துருவை மாற்றி மாற்றி அலுத்துப்போகிறவர்கள் உண்டு.

வரி நீளத்தைச் சொல்ல வேண்டும். வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி என்பது ஆங்கில சப்டைட்டிலுக்குப் பரவலாக இருக்கும் அளவு. அதைத் தமிழுக்கு அப்படியே பைதானில் எண்ணினால் தவறும். ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, பைதானுக்கு ஏழு, ஏனென்றால் மெய்ப்புள்ளிகளைத் தனியாக எண்ணுகிறது. இதனால் நன்றாக அடங்கும் வரியையும் நீளம் என்று வெட்டிவிடும். புள்ளியையும் குறியையும் சேர்த்து ஒரே எழுத்தாக எண்ணும் ரீஜெக்ஸ் என்ற பைதான் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். ஆனால் ‘ணை’, ‘னௌ’ போன்றவை திரையில் அடைக்கும் இடம் வேறு என்பதால், கடைசியில் கண்ணால் பார்ப்பதே கணக்கு.

எங்கே வரியை உடைப்பது என்பதிலும் கருவிகள் தமிழ் அறியாதவை. நடுவில் எந்த இடைவெளி இருக்கிறதோ அங்கே உடைக்கும். ‘மழை நின்ற பிறகு போகலாம் என்று சொன்ன அண்ணனைக் காணோம்’ என்பதை ‘போகலாம்’ என்ற இடத்தில் உடைத்து, ‘என்று’ அடுத்த வரியின் தலையில் அநாதையாக நிற்கும். ‘என்று’ முதல் வரியோடு போக வேண்டும். ‘சொன்ன’ என்ற பெயரெச்சம் ‘அண்ணன்’ என்ற பெயரை விட்டுப் பிரியக் கூடாது. வரி ‘என்று, என, ஆனால், அதனால்’ போன்றவற்றில் முடிவதா தொடங்குவதா என்று ஒரு சிறு பட்டியல் எழுதி ஸ்கிரிப்டில் சேர்த்தால் பாதி தீரும். பெயரெச்சத்தைக் கண்டுபிடிப்பது கடினம். மனிதர் ஒருவர் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

எஸ்ஆர்டியை, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற கருவியில் எடுத்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை. ஓபன்ஏஐ 2022-இல் வெளியிட்ட அந்த மாடல் தமிழும் எழுதும். ஆனால் அமைதியும் இசையும் வரும் இடங்களில் யாரும் பேசாத வசனத்தை எழுதிவைக்கும், ஒரே வரியைத் திரும்பத் திரும்பவும் எழுதும். ஐந்தில் நான்கு பங்கு செகண்டுக்குக் குறைவாக நிற்கும் வசனம், ஏழு செகண்டுக்கு மேல் நிற்கும் வசனம், அடுத்தடுத்து ஒரே சொற்கள் வரும் வசனம் ஆகிய மூன்றையும் ஸ்கிரிப்ட் பட்டியலிட்டுக் கொடுத்தால் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும்.

வேறு எடிட்டர்களைப் பற்றிச் சுருக்கமாக. பிரீமியரில் எஸ்ஆர்டியை இழுத்துப் போட்டால் கேப்ஷன் டிராக் தானாக உருவாகும். ஸ்கிரிப்டிலும் கேப்ஷன் டிராக் உருவாக்கும் கட்டளை இருக்கிறது. ஃபைனல் கட் ப்ரோ எஸ்ஆர்டியை நேரடியாக வாங்கும். டைட்டிலாக வேண்டுமென்றால், டைம்லைனை எழுத்தில் விவரிக்கும் எஃப்சிபிஎக்ஸ்எம்எல் ஃபைல் ஒன்றை உங்கள் ஸ்கிரிப்டே எழுதிவிடலாம். அதில் நேரத்தைத் தசமத்தில் எழுதாமல் பின்னமாக எழுதுவார்கள்: மேலே சொன்ன 14386-ஆம் ஃபிரேம் அங்கே 14400386/24000 செகண்ட். ஃபிரேம் எல்லையில் விழாத நேரத்தைக் கொடுத்தால் இம்போர்ட் செய்யும்போதே எச்சரிக்கும். ஒழுக்கமான வடிவம் என்று எனக்கு அதன் மேல் ஒரு பிரியம் உண்டு. கேடன்லைவ் 2020 டிசம்பரில் வந்த 20.12 பதிப்பிலிருந்து சப்டைட்டில் டிராக் வைத்திருக்கிறது, எஸ்ஆர்டியும் ஏஎஸ்எஸ் என்ற இன்னொரு சப்டைட்டில் வடிவமும் வாங்கும், முழுக்க இலவசம். பிளெண்டரின் வீடியோ எடிட்டரிலும் பைதான் வழியே ஒவ்வொரு வசனத்தையும் டெக்ஸ்ட் ஸ்டிரிப்பாக வைக்கலாம். தொடக்க ஃபிரேம் கணக்கு அங்கேயும் இதேதான்.

உங்கள் முப்பது ஃபைலுக்கு: வீடியோவுக்கும் எஸ்ஆர்டிக்கும் ஒரே பெயர் வையுங்கள், ஸ்கிரிப்ட் பெயரைப் பார்த்து ஜோடி சேர்க்கட்டும். ஒவ்வொன்றையும் ஏற்றிய பிறகு டிராக்கிலுள்ள உருப்படிகளைக் கேட்டு வாங்கி, எஸ்ஆர்டியிலுள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடட்டும். முதல் வசனமும் கடைசி வசனமும் எந்த ஃபிரேமில் விழுந்தன என்று அச்சிடட்டும். இரண்டும் எதிர்பார்த்த இடத்தில் இருந்தால் நடுவில் உள்ளவையும் பெரும்பாலும் இருக்கும். ஆனால் முப்பதையும் ஒன்றாக ஓட்டும் முன், இருப்பதிலேயே நீளமான வீடியோவை மட்டும் எடுத்து ஏற்றி, நேராகக் கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போய் ஒலியோடு கேளுங்கள். முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம், எந்தத் தவறான கணக்கும் அங்கே சரியாகத்தான் தெரியும்.